மாடலை எங்கே வெட்டுவது? பெரிய ஃபைனைட் எலிமெண்ட் மாடலும் கணினியின் நினைவகமும்

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பாலிடெக்னிக்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய் சிவில், மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஒரு பாலமோ கட்டடமோ சுமையில் எப்படி வளையும் என்று கணினியில் மாடல் போட்டுப் பார்க்கும் இறுதியாண்டு புரொஜெக்ட் நெருங்கினால் அவர்கள் வாயிலிருந்து தவறாமல் வரும் ஒரு பேச்சு உண்டு: "ரேம் பத்தலை. மாடலை ரெண்டா வெட்டிப் போட்டா பாதி ரேம் போதும்." வேலைக்குப் போன அண்ணன்மாரும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர்: "வெட்டினாலே விடை தோராயமாத்தான் வரும், நம்ப முடியாது."

இரண்டுமே தவறு. வெட்டுவதால் நினைவகம் மிச்சமாகுமா என்பது துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, வெட்டு விழும் எல்லை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. விடை சரியாக வருமா என்பதும் அந்த எல்லையை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கடினமான கணிதம் வேண்டாம். பள்ளிக்கூடத்து ஸ்பிரிங் கணக்கே போதும்.

டிவிஷனும் பெரிய ஆபீசும்

ஆற்றோரத் தாழ்நிலத்தில் உள்ள, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெரைக்கு நெரை, அதாவது மர வரிசைதோறும், சின்ன வடிகால் கான், அவை சேரும் நடுத்தரக் கான், கடைசியில் மதகுக்குப் போகும் பெரிய கான். தோட்டம் பெரிது என்பதால் நான்கு டிவிஷனாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு டிவிஷனிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் கடக்கும் இடங்கள் சிலவே.

மழைக்காலத்தில் எந்தக் கானில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பெரிய ஆபீஸ் கணக்குப் போட வேண்டும். எல்லாச் சின்னக் கான்களையும் ஒரே தாளில் எழுதினால் மேசை கொள்ளாது. அதற்குப் பதில் ஒவ்வொரு டிவிஷனையும் மேற்பார்க்கும் கண்டக்டரும் தன் பகுதியை மட்டும் கணக்குப் பார்த்து ஒரு சின்ன அட்டவணை கொடுக்கிறார்: 'எல்லையில் தண்ணீர் மட்டம் இவ்வளவு இருந்தால், எல்லையைத் தாண்டி இவ்வளவு தண்ணீர் போகும்.' உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான கான்களின் விவகாரமெல்லாம் அந்த அட்டவணைக்குள் அடக்கம், ஆனால் அதில் ஒரு சின்னக் கானின் பெயர்கூட இருக்காது.

பெரிய ஆபீஸ் நான்கு அட்டவணைகளையும் சேர்த்து எல்லை மட்டங்களைக் கண்டுபிடிக்கிறது. அந்த மட்டங்களை டிவிஷன்களுக்குத் திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு கண்டக்டரும் தன் உள்கான்களின் மட்டத்தைத் தானே போட்டுக்கொள்வார். இதில் யாரும் எதையும் ஊகிக்கவில்லை. அட்டவணை சரியாக இருந்தால், முழுத் தோட்டத்தையும் ஒரே தாளில் போட்டால் என்ன விடை வருமோ அதுவேதான் இங்கேயும் வரும்.

இனி மட்டம் இருக்கும் இடத்தில் 'நகர்வு' என்றும், ஓடும் தண்ணீர் இருக்கும் இடத்தில் 'விசை' என்றும் போட்டுப் படியுங்கள். கட்டமைப்பு மாடலுக்கு வந்துவிட்டோம்.

மாடல் ஏன் கனக்கிறது

ஒரு பாலமோ கோபுரமோ எப்படி வளையும் என்பதை ஒரே சூத்திரத்தில் எழுத முடியாது. அதனால் அதைச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டியும் ஓர் எலிமெண்ட். கட்டிகள் ஒன்றையொன்று தொடும் புள்ளி, கணு. ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் நாம் தேடும் விடை. இந்த முறைக்கு ஃபைனைட் எலிமெண்ட் என்ற பெயரை 1960-இல் வைத்தவர் ரே கிளஃப்.

ஒரு கணுவை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் அதிலும் அக்கம்பக்கத்துக் கணுக்களிலும் எவ்வளவு விசை எழும் என்று எழுதி வைத்த பெரிய அட்டவணைக்கு ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ், அதாவது விறைப்பு அட்டவணை, என்று பெயர். வரிசை ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடு. எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கும் நிரல், சால்வர்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றிலும் 70 கணுக்கள் கொண்ட ஒரு மண்கட்டி. மொத்தம் 3,43,000 கணுக்கள். ஒவ்வொன்றும் மூன்று திசையில் நகரலாம் என்பதால் 10,29,000 தெரியாத எண்கள். அட்டவணையின் எல்லாக் கட்டங்களையும் சேமித்தால், ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம், 8 டெராபைட்டைத் தாண்டிவிடும். நல்லவேளையாகப் பெரும்பாலான கட்டங்கள் பூஜ்யம். ஒரு கணு தன்னையும் தன்னைச் சுற்றியிருக்கும் 26 கணுக்களையும்தான் தொடுகிறது. அதனால் ஒரு வரிசையில் பூஜ்யமல்லாத எண்கள் அதிகபட்சம் 81. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் சுமார் 667 மெகாபைட். சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

அப்படியானால் 16 ஜிகாபைட் ரேம் உள்ள கணினி ஏன் பாதியில் திணறி நிற்கிறது? சால்வர் வேலையைத் தொடங்கியதும் அட்டவணை வீங்குகிறது. இந்த வீக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் யாரும் மாடலை வெட்டப் போகக் கூடாது.

ஒரு கணுவை நீக்கினால் என்ன நடக்கிறது

ஒரே கோட்டில் மூன்று கணுக்கள்: இடது, நடு, வலது. இடையில் இரண்டு ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றையும் ஒரு மில்லிமீட்டர் இழுக்க 1,000 நியூட்டன் வேண்டும்.

இடதைப் பிடித்துக்கொண்டு வலதை 2 மில்லிமீட்டர் இழுக்கிறோம். நடுவில் வேறு சுமை இல்லை என்றால் அது சரியாக 1 மில்லிமீட்டர் நகரும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 1 மில்லிமீட்டர் நீண்டிருப்பதால் வலதில் உணரும் விசை 1,000 நியூட்டன். அதாவது மில்லிமீட்டருக்கு 500. ஆகவே நடுக்கணுவைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, இடதையும் வலதையும் 500 உள்ள ஒரே ஸ்பிரிங்கால் இணைத்துவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நடுவில் 300 நியூட்டன் சுமை இருந்தாலும் சரி, இந்த அமைப்பில் அதில் 150 இடதுக்கும் 150 வலதுக்கும் போய்ச் சேரும். சுமையும் எல்லைக்கு வந்துவிட்டது.

இப்படி உள்கணுக்களை நீக்கி அவற்றின் விறைப்பையும் சுமையையும் எல்லைக் கணுக்களில் சேர்ப்பதற்கு ஸ்டாட்டிக் கண்டென்சேஷன் என்று பெயர். இங்கே ஊகம், சராசரி எதுவும் கிடையாது. இடது, வலது நகர்வு தெரிந்த பிறகு நடுக்கணுவின் நகர்வை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுக்கலாம்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. இடதும் வலதும் முன்பு ஒன்றையொன்று அறியாதவை. நடுவை நீக்கியதும் அவற்றுக்கிடையே புதிய உறவு முளைத்துவிட்டது. ஒரு கணுவிலிருந்து பத்து ஸ்பிரிங்குகள் பத்துப் பக்கம் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணுவை நீக்கினால் பத்து முனைகளும் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு உறவாகிவிடும். 10 ஸ்பிரிங் இருந்த இடத்தில் 45. அட்டவணையில் பூஜ்யமாக இருந்த கட்டங்களில் எண்கள் வந்து உட்காருகின்றன. இதைத்தான் ஃபில்-இன் என்பார்கள்.

சால்வர் செய்வதும் இதையேதான்: கணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறது. நம் மண்கட்டியில் கணுக்களை ஓரத்திலிருந்து அடுக்கடுக்காக வரிசைப்படி நீக்கினால், எந்த நேரத்திலும் ஓர் அடுக்கு முழுவதும், அதாவது 14,700 தெரியாத எண்கள், ஒன்றோடொன்று உறவாகி நிற்கும். அந்த அகலத்துக்கு எல்லா வரிசைகளையும் சேமித்தால் ஏறக்குறைய 121 ஜிகாபைட் ஆகும். 667 மெகாபைட்டில் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. நீக்கும் வரிசையைப் புத்திசாலித்தனமாக மாற்றினால் இது பல மடங்கு குறையும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கணுவை நீக்குவதுதான் நினைவகத்தைத் தின்கிறது, மிச்சப்படுத்துவதும் அதே செயல்தான். நீக்கிய பிறகு எத்தனை கணுக்கள் எல்லையில் மிஞ்சுகின்றன என்பதுதான் லாபமா நட்டமா என்று தீர்மானிக்கிறது.

சாய்ந்த கோபுரத்தை வெட்டிப் பார்ப்போம்

எங்கள் ஊரான தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 1885-இல் கட்டியது, 25.5 மீட்டர் உயரம். வெளியிலிருந்து எட்டு மாடிபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே இளகிய மண். சாய்ந்ததற்கு அந்த மண்ணும் மேலே இருந்த கனமும் காரணம். இதுபோன்ற ஒரு கட்டடத்துக்கு மாடல் போட்டால், கோபுரத்தைவிட அதைத் தாங்கும் மண்ணுக்குத்தான் கணுக்கள் அதிகமாகத் தேவைப்படும். மேலே சொன்ன 3,43,000 கணு மண்கட்டியையே அதன் அடியில் வைப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

முதல் வெட்டு: மண்ணை நடுவில் நிமிர்ந்த தளமாக வெட்டி இரண்டு பாதியாக்குகிறோம். வெட்டுமுகத்தில் 70-க்கு 70 கணுக்கள், 14,700 தெரியாத எண்கள். உள்கணுக்களை நீக்கியபின் இவை அனைத்தும் ஒன்றோடொன்று உறவாகிவிடும், பூஜ்யமே இருக்காது. 14,700-ஐ 14,700-ஆல் பெருக்கி 8 பைட்டால் பெருக்கினால் 1.73 ஜிகாபைட். எல்லையின் அட்டவணைக்கு மட்டுமே இவ்வளவு. வெட்டும் முன் முழு மண்ணின் அட்டவணையே 667 மெகாபைட்தான் இருந்தது.

இரண்டாவது வெட்டு: கோபுரத்தின் அடித்தளம் மண்ணைத் தொடும் இடத்தில் வெட்டுகிறோம். அங்கே 200 கணுக்கள் என்று வைத்துக்கொண்டால் 600 தெரியாத எண்கள். 600-க்கு 600, மொத்தம் 3,60,000 எண்கள். 2.88 மெகாபைட், கைப்பேசிப் படம் ஒன்றின் அளவு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் கொண்ட மண் இந்தச் சின்னக் கோப்புக்குள் அடங்கிவிட்டது.

இப்படிச் சுருக்கி எடுத்த துண்டை சூப்பர் எலிமெண்ட் என்பார்கள். அப்புறம் கோபுரத்தின் சுவரை மாற்றிப் பார்க்கலாம், தொட்டியில் தண்ணீர் உள்ளபோதும் இல்லாதபோதும் பார்க்கலாம், காற்றின் திசையை மாற்றலாம். ஒவ்வொரு முறையும் மண்ணை மறுபடி தீர்க்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மண்ணை முதல்முறை சுருக்கும்போது அந்த வேலைக்கு நினைவகம் தேவை. அந்த உச்சத்தை மடிக்கணினி தாங்காது என்றால் மண்ணையே இன்னும் சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டைச் சுருக்கி டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அல்லது பல்கலைக்கழக லேபில் இருக்கும் பெரிய கணினியில் ஒரே ஒருமுறை சுருக்கி, 2.88 மெகாபைட் கோப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்து வரலாம். மாணவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஆகவே வெட்ட வேண்டிய இடம் ஒல்லியான இடம். கோபுரத்தின் கழுத்து, பாலத்தின் தாங்கி, ஆலையின் நீண்ட கன்வேயர் பாலத்தில் இரண்டு தாங்குத்தூண்களுக்கு நடுவிலான குறுக்குவெட்டு. அந்தப் பாலத்தை நான்கு இரும்புச் சட்டங்கள் மட்டுமே தாண்டிப் போகும் இடத்தில் வெட்டினால் 4 கணுக்கள், நகர்வும் திருப்பமும் சேர்த்து 24 தெரியாத எண்கள். அட்டவணை 5 கிலோபைட்டுக்கும் குறைவு. திண்ணென்ற கான்கிரீட் கட்டியை எங்கே வெட்டினாலும் முகம் பெரிதாகவே இருக்கும், லாபம் சொற்பம்.

ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வந்தால் லாபம் இன்னும் கூடும். செம்பனை ஆலைக் கொட்டகையில் ஒரே அளவிலான பத்துச் சட்டகங்கள் வரிசையாக நின்றால், ஒன்றைச் சுருக்கினால் போதும். மற்ற ஒன்பதும் அதே அட்டவணையைத்தான் பயன்படுத்தும்.

இந்த யோசனை எப்போது பிறந்தது

நினைவகத் தட்டுப்பாட்டில் பிறந்த முறை இது. 1960-களின் தொடக்கத்தில் இருந்த பெரிய கணினிகளில் ஒன்றான ஐபிஎம் 7090-இன் நினைவகம் 32,768 சொற்கள், ஒவ்வொன்றும் 36 பிட். இன்றைய கணக்கில் சுமார் 147 கிலோபைட். முழு விமானத்தை அதற்குள் அடைக்க முடியாது. இறக்கையைத் தனியாக, உடலைத் தனியாக எடுத்துச் சுருக்கி எல்லையில் சேர்க்கும் வழியைப் பொறியாளர் பிஷெமியெனியெட்ஸ்கி 1963-இல் முறையாக எழுதி வைத்தார். இப்படிப் பிரித்த பகுதிக்கு சப்ஸ்ட்ரக்சர் என்ற பெயர் நிலைத்தது. 1973-இல் ஆலன் ஜார்ஜ் இதே எண்ணத்தைச் சால்வருக்குள் கொண்டுபோனார்: கணு வலையை ஒல்லியான எல்லையால் இரண்டாக்கு, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கு, உள்ளே இருப்பவற்றை முதலில் நீக்கு, எல்லையைக் கடைசியில் நீக்கு.

இன்றைய வணிக மென்பொருளில் இருக்கும் சால்வர்கள் இந்த வழியில் வந்த வரிசைமுறைகளைத் தாமாகவே செய்துகொள்கின்றன. அதனால் ஒரே கணினியில், ஒரே ஒருமுறை ஓட்டப்போகும் மாடலைக் கையால் வெட்டுவதில் பெரும்பாலும் பயன் இல்லை. சால்வர் உங்களைவிட நன்றாக வெட்டும். கையால் வெட்டுவது பயன் தரும் இடங்கள் வேறு: ஒரு பகுதி மாறாமல் இன்னொரு பகுதி அடிக்கடி மாறும்போது, ஒரே துண்டு பலமுறை வரும்போது, இரண்டு குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து கடைசியில் இணைக்கும்போது.

எல்லை அட்டவணையையும் கட்டாமல் தவிர்க்கும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டும் தன் எல்லை நிலவரத்தைப் பக்கத்துத் துண்டுக்குச் சொல்லி, பதில் வாங்கி, திருத்தி, மறுபடி சொல்லும். விடை அசையாமல் நிற்கும்வரை இது நடக்கும். இதை டொமைன் டிகம்பொசிஷன் என்பார்கள். 1870-இல் ஷ்வார்ட்ஸ் என்ற கணிதவியலாளர் போட்ட விதை இது. கட்டமைப்புக் கணக்குக்குப் பெரிதும் பயன்படும் ஒரு வடிவத்தை 1991-இல் ஃபர்ஹத், ரூ இருவரும் கொடுத்தார்கள். நினைவகம் குறைவாகவே போதும், ஆனால் துண்டுகள் கூடக் கூடச் செய்தி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகப் பல சுற்றுகள் ஆகும். அதனால் எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான ஒரு சின்ன மேல்கணக்கையும் கூடவே வைப்பார்கள். பெரிய ஆபீஸ் இல்லாமல் டிவிஷன்கள் மட்டும் பேசிக்கொண்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும் அல்லவா, அதே கதைதான்.

எப்போது விடை துல்லியம், எப்போது தோராயம்

சுமை அசையாமல் நிற்கிறது, பொருள் ஸ்பிரிங்போல நேர்விகிதத்தில் நடந்துகொள்கிறது என்றால் சுருக்கிய மாடலின் விடையும் முழு மாடலின் விடையும் ஒன்றே. 'வெட்டினாலே தோராயம்' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அதிர்வுக் கணக்கில் நிலைமை மாறும். உள்கணுக்களுக்கு விறைப்பு மட்டுமல்ல, எடையும் உண்டு. அவை தாமாகவும் ஆடும். அந்த எடையையும் இதே வழியில் எல்லைக்குத் தள்ளும் முறையை 1965-இல் கையன் கொடுத்தார். மெதுவான அதிர்வுகளுக்கு அது நன்றாக ஒத்துவரும். வேகமான அதிர்வுகளில் அதிர்வெண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். 1968-இல் கிரெய்க், பாம்ப்டன் இருவரும் இதைச் சரிசெய்தார்கள்: எல்லையைப் பிடித்துக்கொண்டால் உள்பகுதி எப்படியெல்லாம் ஆடும் என்று பார்த்து, அந்த ஆட்டங்களில் முதல் சிலவற்றைக் கூடுதல் தெரியாத எண்களாக அட்டவணையில் சேர்த்தார்கள். 'தோராயம்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த அதிர்வுக் கணக்கைக் கேள்விப்பட்டு எல்லாவற்றுக்கும் அதைப் பொருத்திவிடுகிறார்கள்.

பொருள் நேர்விகிதத்தை விட்டு விலகினாலும் சிக்கல்தான். இரும்பு நிரந்தரமாக நெளியும் பகுதியையும், மெல்ல மெல்ல அமிழும் களிமண்ணையும் ஒரே அட்டவணைக்குள் உறைய வைக்க முடியாது. எங்கள் கோபுரம் ஏன் இத்தனை சாய்ந்தது என்ற கேள்விக்கு மேலே செய்த மண் சுருக்கம் விடை தராது. இன்று காற்றடித்தால் எவ்வளவு அசையும் என்பது போன்ற சின்ன அசைவுக்குத்தான் அது பொருந்தும். அடித்தளத்தை ஒட்டிய மண்ணை அப்படியே விட்டுவிட்டு, தள்ளியிருக்கும் மண்ணை மட்டும் சுருக்குவது நியாயமான நடுவழி.

வெறுமனே வெட்டினால்

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன அந்த 'ரெண்டா வெட்டி' யோசனை. மாடலைப் பாதியாக்கித் தனித்தனியாக ஓட்டுபவர்களுக்கு வெட்டுமுகத்தில் என்ன போடுவது என்று தெரியாது. அசையாமல் பூட்டினால் கட்டமைப்பு உண்மையைவிட விறைப்பாகிவிடும், நகர்வு குறைந்து காட்டும். பூட்டாமல் விட்டால் மேல்பாதிக்குத் தாங்கலே இல்லை. காற்றில் மிதக்கும் துண்டுக்கு நிலையான விடை கிடையாது, சால்வர் 'சிங்குலர்' என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் சிலர் ஏதோ ஒரு கணுவைப் பூட்டி ஓடவைத்துவிடுகிறார்கள். அதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் அப்போது வரும் படம் வண்ணமயமாக, நம்பும்படியாகவே இருக்கும்.

சப்மாடலிங் என்பது இதிலிருந்தும் வேறு. முழுக் கட்டமைப்பையும் பெரிய கட்டிகளால் முதலில் தீர்த்து, அதில் கிடைத்த நகர்வை எல்லையில் கொடுத்து, ஒரு மூலையை மட்டும் நுணுக்கமாகப் பார்ப்பது அது. பயனுள்ளதுதான், ஆனால் அங்கே சின்னத் துண்டு பெரிய மாடலுக்குப் பதில் சொல்வதில்லை, செய்தி ஒரு பக்கமாக மட்டுமே போகிறது.

முதல்முறை சப்ஸ்ட்ரக்சர் போடுபவர்கள், மடிக்கணினிக்குள் முழுதாக அடங்கும் ஒரு சின்ன மாடலில் பழகுங்கள். சில ஆயிரம் கணுக்கள் போதும். ஒருமுறை வெட்டாமல் ஓட்டுங்கள், அப்புறம் ஒல்லியான இடத்தில் வெட்டிச் சுருக்கி ஓட்டுங்கள். இரண்டிலும் எல்லைக் கணுக்களின் நகர்வையும் தாங்கிகளில் வரும் எதிர்விசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அசையாச் சுமையில் தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்கள்வரை ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது இலக்கத்திலேயே வித்தியாசம் தெரிந்தால், வெட்டுமுகத்தின் இரு பக்கத்துக் கணுக்களும் சரியாகச் சேரவில்லை, அல்லது உள்ளே இருந்த ஒரு சுமை எல்லைக்கு வராமல் தங்கிவிட்டது. பெரிய மாடலைத் தொடும் முன் அந்த இரண்டையும் தேடிப் பாருங்கள்.